கர்ஜத்தில் இறங்கினால்

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் தாதரிலோ சி.எஸ்.எம்.டி.யிலோ குர்லா டெர்மினஸிலோ ரயிலேறி ஊருக்குப் போவது தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம். புணே வழியாகத் தெற்கே போகும் வண்டிகள் பெரும்பாலும் கர்ஜத்தில் நிற்கும். மலையேறும்போது பின்னாலிருந்து தள்ள அங்கே பேங்கர் எஞ்சின் மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் ஜன்னல் வழியாக வடாபாவ் வாங்குவோம். பிறகு போர் காட் ஏற்றம். 37 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு, அடுத்தடுத்துக் குகைகள், நடுவில் திடீரென்று திறந்து மூடும் பள்ளத்தாக்கு. லோனாவளா வந்ததும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவோம். மூன்று தலைமுறையாக மும்பையில் இருக்கும் குடும்பங்கள் பலவும் சஹ்யாத்ரியைப் பார்த்தது அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அது வேற்று மலை இல்லை. குற்றாலத்துக்குப் பின்னால் நிற்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபாதிதான் இது. மும்பையிலிருந்து லோக்கல் ரயிலிலேயே அடிவாரத்துக்குப் போய்விடலாம். டிக்கெட் ஐம்பது ரூபாய்கூட ஆகாது. பிறகு ஏன் போவதில்லை என்று கேட்டால், "கார் இல்லையே" என்பார்கள். கார் தேவையில்லை. ஆனால் கார் இல்லாமல் போகிறவருக்கு ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்: இந்தப் பக்கத்தில் முதல் நூறு கிலோமீட்டர் சுலபம், கடைசிப் பத்து கிலோமீட்டர்தான் பாடு. ஸ்டேஷனிலிருந்து அருவிக்கோ கோட்டைக்கோ ஏரிக்கோ போவது எப்படி, அதைவிட முக்கியமாக, அங்கிருந்து சாயங்காலம் திரும்புவது எப்படி? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

முதலில் இடத்தின் அமைப்பு. கடலுக்கு இணையாக, நகரத்துக்குக் கிழக்கே மலை சுவராக நிற்கிறது. கல்யாணில் ரயில் பாதை இரண்டாகப் பிரிந்து அந்தச் சுவரை இரண்டு இடத்தில் ஏறுகிறது. தென்கிழக்கே கர்ஜத்திலிருந்து லோனாவளாவுக்கு ஏறுவது போர் காட், 1863இல் திறந்தது. வடகிழக்கே கசாராவிலிருந்து இகத்புரிக்கு ஏறுவது தல் காட், 1865இல் திறந்தது. லோக்கல் ரயில்கள் அடிவாரத்தோடு நின்றுவிடும். மேலே ஏறுவது எக்ஸ்பிரஸ் வண்டிகள் மட்டும். மலைக்கும் கடலுக்கும் நடுவே தெற்கு நோக்கி நீளும் பட்டைதான் கொங்கண். அங்கே கொங்கண் ரயிலும் மாநில அரசின் எஸ்.டி. பஸ்ஸும் படகும் துணை.

கசாரா, கர்ஜத் வண்டிகளைப் பிடிக்க தாராவிக்காரர்கள் சயானிலும் மாட்டுங்காக்காரர்கள் மாட்டுங்காவிலும் ஸ்லோ வண்டி ஏறி தாணேவில் மாறலாம், அல்லது தாதருக்கே பின்னால் போய் ஃபாஸ்ட் வண்டியில் ஏறலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன். செம்பூர்க்காரர்கள் ஹார்பர் லைனில் குர்லா வந்து மாற வேண்டும். வார நாட்களில் காலையில் நகரமே தெற்கே வேலைக்கு வரும்போது நீங்கள் எதிர்த் திசையில் போகிறீர்கள், உட்கார்ந்தே போகலாம். மழைக்கால ஞாயிறுகளில் இந்தக் கணக்கு செல்லாது. ரெயின்கோட்டும் முதுகுப்பையுமாக பாதி காலேஜ் அந்த வண்டியில்தான் இருக்கும்.

பத்லாப்பூரைத் தாண்டி கர்ஜத் வரை போகும் வண்டிகள் குறைவு. ஆசன்காவைத் தாண்டி கசாரா வரை போவது இன்னும் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் வேறு. காலை பதினொரு மணி வாக்கில் தொடங்கி சாயங்காலம் நான்கு வரை மெயின் லைனிலும் ஹார்பரிலும் சில பகுதிகளில் வண்டி ஓடாது, அல்லது வேறு தண்டவாளத்தில் ஓடும். எந்தப் பகுதியில் என்று ரயில்வே முன்னதாகவே அறிவித்துவிடும். சனிக்கிழமை இரவு அதைப் பார்க்காமல் ஞாயிறு காலை கிளம்பாதீர்கள்.

இன்னொன்று: லோக்கல் டிக்கெட்டோ லோக்கல் பாஸோ எக்ஸ்பிரஸ் வண்டியில் செல்லாது. கர்ஜத் வரை லோக்கலில் போய், அங்கே வரும் எக்ஸ்பிரஸில் தாவி லோனாவளா போகலாம் என்று நினைப்பவர்கள்தான் டி.டி.ஈ.யிடம் அதிகம் மாட்டுகிறார்கள்.

இனி ஊர்கள். மாத்தேரானிலிருந்து தொடங்குவதே சரி. காரில் வந்தவரையும் இறக்கி நடக்கவிடும் ஊர் அது. 1850இல் தாணே கலெக்டராக இருந்த ஹியூ பாயின்ட்ஸ் மாலெட் கண்டுபிடித்ததாக வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்தார்கள். மலையில் வாழ்ந்த ஆதிவாசிகளுக்கு அது அதற்கு முன்பே தெரியும். சுமார் 800 மீட்டர் உயரம். ஊருக்குள் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. எல்லா வண்டியும் தஸ்தூரி நாக்காவில் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து செம்மண் பாதையில் நடை, அல்லது குதிரை. மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷா பல காலமாக ஓடியது. அதை ஆறு மாதத்துக்குள் நிறுத்தி ஈ-ரிக்‌ஷாவுக்கு மாறும்படி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கர்ஜத் வண்டியில் நேரலில் இறங்குங்கள். அங்கிருந்து மேலே போக மூன்று வழி. ஒன்று, குட்டி ரயில். ஆதம்ஜி பீர்பாய் குடும்பம் 16 லட்சம் ரூபாய் செலவில் போட்ட இரண்டடி அகலப் பாதை இது, 1907 முதல் ஓடுகிறது. சுமார் 20 கிலோமீட்டரை வளைந்து வளைந்து ஏற இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருக்கைகள் கொஞ்சம், சீக்கிரம் தீர்ந்துவிடும். மழைக்காலத்தில், தோராயமாக ஜூன் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை, நேரலிலிருந்து இந்த ரயில் ஓடாது. இரண்டாவது, ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் ஷேர் டாக்ஸி. ஆள் சேர்ந்ததும் புறப்பட்டு தஸ்தூரி நாக்காவில் விடும். பக்கத்திலேயே அமன் லாட்ஜ் ஸ்டேஷன். அங்கிருந்து ஊருக்குள் ஷட்டில் ரயில் மழைக்காலத்திலும் ஓடும். மூன்றாவது, நேரலிலிருந்தே நடப்பது. அது பழகியவர்களுக்கு.

வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு என் யோசனை: மேலே போகும்போது டாக்ஸியும் ஷட்டிலும். குட்டி ரயில் ஆசையை இறங்கும் வழிக்கு வைத்துக்கொள்ளலாம், டிக்கெட் கிடைத்தால். கிடைக்காவிட்டால் அமன் லாட்ஜ் ஷட்டிலிலேயே பிள்ளைகளின் ஆசை பாதி தீர்ந்துவிடும். தஸ்தூரியில் நகராட்சிக்கு நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். குதிரைக்காரர்களிடம் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

லோனாவளாவைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. மழைக்கால ஞாயிற்றில் அது மூடுபனி போட்ட தாதர் ஸ்டேஷன். ஆனால் அங்கிருந்து புணே லோக்கலில் ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி மளவலி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே பாஜே குகைகளுக்குப் போய்விடலாம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து பௌத்தத் துறவிகளுக்கு அமைத்த இடம். அதையும் தாண்டி ஏறினால் லோஹகட் கோட்டை. தண்டவாளத்துக்கு மறுபக்கம் கார்லே குகைகள்; அங்கேதான் ஏகவீரா தேவி கோயில், மும்பைக் கோளி மக்களின் குலதெய்வம். ஆட்டோ பேசாமல் கால்நடையாகவே ஒரு முழு நாளை நிறைக்கக்கூடிய ஸ்டேஷன் இந்தப் பக்கத்தில் இதுபோல் வேறில்லை. தாதரில் அதிகாலை இந்திராயணி எக்ஸ்பிரஸ் பிடித்து லோனாவளாவில் இறங்கி லோக்கல் மாறுங்கள். லோனாவளா–புணே லோக்கல்கள் நம்மூர் லோக்கல் போல நிமிடத்துக்கு ஒன்று வராது. பகல் நடுவே நீண்ட இடைவெளி உண்டு. திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

கசாரா பக்கம் காட்சி இன்னும் பெரிது, வசதி இன்னும் குறைவு. கசாரா ஸ்டேஷனுக்கு வெளியே நாசிக் போகும் ஷேர் ஜீப்களும் டாக்ஸிகளும் நிற்கும். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். அதில் ஏறி இகத்புரியைத் தாண்டி கோட்டியில் இறங்கினால், பண்டார்தரா, ராஜூர் போகும் எஸ்.டி. பஸ் வரும். வழியில் பாரி என்ற ஊர், கள்சுபாய் ஏறுவதற்கு அங்கேதான் இறங்க வேண்டும். 1,646 மீட்டர், மகாராஷ்டிரத்திலேயே உயர்ந்த சிகரம். செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள். பஸ் இன்னும் போனால் பண்டார்தரா ஏரி. 1926இல் கட்டி முடித்த வில்சன் அணையின் நீர்த்தேக்கம் அது. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும், முதல் மழைக்குச் சற்று முன்னால், இந்த ஊர்களின் மரங்களில் மின்மினிகள் கூட்டங்கூட்டமாக மினுக்கும். அதைப் பார்க்க இரவு தங்க வேண்டும். மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி உண்டு, கிராமத்து வீடுகளிலும் இடம் தருகிறார்கள். காலையில் சொல்லிவைத்தால்தான் ராத்திரிச் சாப்பாடு. போய் உட்கார்ந்து ஆர்டர் கொடுக்கும் ஓட்டலை எதிர்பார்க்காதீர்கள். பாக்ரியும் பிட்லாவும் சோறும் கிடைக்கும்.

மாள்ஷேஜ் காட் போகக் கல்யாண் ஸ்டேஷனை ஒட்டிய எஸ்.டி. நிலையத்தில் முர்பாட் வழியாக ஆளேபாட்டா, ஜுன்னர், அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) போகும் பஸ் ஏறினால் போதும். பஸ் மலைப்பாதையிலேயே போவதால், இறங்காமல் ஜன்னலில் பார்த்தாலே டிக்கெட் காசுக்குக் கட்டும்.

எஸ்.டி. என்பது மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ். 1948 ஜூன் 1ஆம் தேதி புணேயிலிருந்து அகமத்நகருக்கு முதல் வண்டி ஓடியது. சிவப்பு வண்டியை ஜனங்கள் லால்பரி என்பார்கள். மலைக்கிராமம் எதற்கும் கடைசியில் போய்ச் சேர்வது அதுதான். 2023 மார்ச் முதல் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். மாநிலத்தில் வசிப்பவர்களில் 65 வயது தாண்டிய முதியவர்களுக்குப் பாதி, 75 தாண்டியவர்களுக்கு இலவசம். ஆதார் அட்டையில் மும்பை முகவரி இருந்தால் தாராவிப் பாட்டிக்கும் இது பொருந்தும். பலர் இதைக் கேட்டு வாங்குவதில்லை. நான்கு நாள், ஏழு நாள் பாஸ் ஒன்றும் உண்டு, 'ஆவடேல் தேதே பிரவாஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஊர் ஊராகச் சுற்ற நினைப்பவர்களுக்கு நல்ல லாபம். செம்பூருக்கும் சயானுக்கும் பக்கத்திலேயே குர்லா நேரு நகரில் டிப்போ இருக்கிறது. தனியார் பஸ்கள் செம்பூர் மைத்ரி பார்க்கில் ஆள் ஏற்றும்.

பஸ்ஸின் பலகையில் ஊர்ப் பெயர் மராத்தியில்தான் இருக்கும், கால அட்டவணையில் எண்களும் அப்படியே. படிக்கத் தெரியாதவர்கள் விசாரணை ஜன்னலில் கேட்பதே நல்லது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஷேவட்சி காடி கிதீ வாஜ்தா?" கடைசி வண்டி எத்தனை மணிக்கு. இதைப் போய் இறங்கியதும் டிரைவரிடமும் கேளுங்கள், டீக்கடையிலும் கேளுங்கள். இரண்டு பதிலும் பொருந்தினால் நிம்மதியாகச் சுற்றலாம். பொருந்தாவிட்டால் எது முந்தையதோ அதை நம்புங்கள்.

பஸ் இல்லாத நேரத்துக்கு ஷேர் ஜீப். சாதாரா, கோலாப்பூர் பக்கத்தில் இதை வடாப் என்பார்கள். நாட்டுப்புறச் சந்தை நாளில் அதிகம் ஓடும், மத்தியான வெயிலில் குறையும், இருட்டியதும் இருக்காது.

கொங்கண் போக, செம்பூர்க்காரர்களுக்கு வாசலிலேயே ரயில். குர்லா டெர்மினஸிலிருந்து கேரளம், மங்களூர் போகும் நேத்ராவதியும் மத்ஸ்யகந்தாவும் அந்தப் பாதையில்தான் ஓடுகின்றன. ரோஹாவிலிருந்து மங்களூருக்குச் சற்று முன் வரை 740 கிலோமீட்டர், தொண்ணூறுக்கும் மேற்பட்ட குகைகள். ஈ. ஸ்ரீதரன் தலைமையில் கட்டப்பட்டு 1998 ஜனவரி 26 முதல் முழுதாக ஓடத் தொடங்கியது. பகலில் பார்த்துக்கொண்டே போக சி.எஸ்.எம்.டி.யிலிருந்து காலையில் கிளம்பும் மாண்டவி எக்ஸ்பிரஸ் சரி. அதன் சாப்பாட்டுக்கென்றே ஏறுகிறவர்கள் உண்டு. கண்ணாடிக் கூரைப் பெட்டி வேண்டுமென்றால் மட்காவ் ஜன் சதாப்தியில் இருக்கிறது, விலையும் அதற்கேற்ப. கடலைப் பார்க்கலாம் என்று மட்டும் ஏறாதீர்கள். பாதை உள்ளே தள்ளிப் போகிறது. மலையும் ஆறும் வயலும்தான் காட்சி, மழையில் அருவியும்.

இங்கேயும் அதே கடைசிப் பத்து கிலோமீட்டர்தான். ரத்னகிரி ஸ்டேஷன் ஊருக்கு வெளியே. மால்வண் போக குடாளில் இறங்கி முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். ராய்கட் கோட்டைக்கு மாண்காவில் இறங்கி, மஹாட் போய், அங்கிருந்து அடிவாரத்துக்கு வேறு பஸ். சிவாஜி 1674இல் முடிசூடிய அந்தக் கோட்டைக்கு ரோப்வே இருப்பதால் முட்டி வலிக்காரர்களும் போகலாம். மழைக்காலத்தில் கொங்கண் ரயிலுக்குத் தனிக் கால அட்டவணை. வேகத்தைக் குறைப்பார்கள், புறப்படும் நேரமே மாறும். போன டிசம்பரில் போன நினைவில் ஜூலையில் ஸ்டேஷனுக்குப் போனால் வண்டி போயிருக்கலாம். கணபதி பண்டிகை வாரத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். மும்பையில் வேலை பார்க்கும் கொங்கண்காரர்கள் அத்தனை பேரும் ஊருக்குப் போகும் நேரம் அது. நமக்குப் பொங்கல் டிக்கெட் எப்படியோ அப்படி. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறந்ததுமே தீர்ந்துவிடும்.

படகு வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை. பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து அலிபாக் பக்கத்து மாண்டவாவுக்கு 2020 மார்ச் முதல் ரோ-ரோ கப்பல் போகிறது; கார், பைக்கோடு நடந்து வருகிறவர்களையும் ஏற்றும். ஹார்பர் லைனில் டாக்யார்ட் ரோட்டில் இறங்க வேண்டும். செம்பூரிலிருந்தும் கிங்ஸ் சர்க்கிளிலிருந்தும் சி.எஸ்.எம்.டி. வண்டியில் நேராகப் போய்விடலாம். கேட்வேயிலிருந்து போகும் சாதாரணப் படகுகளின் டிக்கெட்டில் மாண்டவாவிலிருந்து அலிபாக் வரை பஸ்ஸும் சேர்த்தி, ஆனால் மழைக்காலத்தில் அவை நின்றுவிடும். முருட் ஜஞ்சிராவுக்கும் சிந்துதுர்க்கத்துக்கும் போகும் கோட்டைப் படகுகளும் அப்படியே. எரிச்சல் வேண்டாம். 1947 ஜூலை 17இல் மும்பையிலிருந்து ரேவஸ் போன 'ராம்தாஸ்' கப்பல் கவிழ்ந்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த கடல் இது.

அலிபாக்கிலிருந்து கரையோரமாகவே தெற்கே போகிறவர்களுக்குச் சாலை அடிக்கடி கழிமுகத்தில் முடிந்துவிடும். அகர்தண்டாவிலிருந்து திகிக்கும், பாக்மாண்ட்லேயிலிருந்து வேஷ்விக்கும், தாபோலிலிருந்து தோபாவேக்கும், தவ்சாலிலிருந்து ஜெய்கட்டுக்கும் வண்டிகளோடு ஆட்களை ஏற்றிக் கடக்கும் ஃபெர்ரிகள் ஓடுகின்றன. தென் அமெரிக்காவில் சிலி நாட்டுப் படகோனியாவில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரெத்தேரா ஆஸ்த்ரால் சாலையும் இப்படித்தான் கடல் நுழைந்த இடங்களில் அறுந்து படகில் தொடர்கிறது. அதைக் கடக்க உலகத்தின் மறுகோடியிலிருந்து ஜனங்கள் சேமித்து வைத்துப் போகிறார்கள். நமக்கு ஃபெர்ரி டிக்கெட் சில்லறையில் முடிகிறது.

மழையைப் பற்றி. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த மலை அழகாக இருப்பதற்கும் ஆபத்தாக இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். 2024 ஜூன் 30இல் லோனாவளா பூஷி அணைக்கருகே அருவியில் நின்றிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரை வெள்ளம் அடித்துப் போனது. மேலே பெய்த மழை கீழே வர நேரமாவதில்லை. 2023 ஜூலை 19 இரவு காலாப்பூர் தாலுகாவில் இர்ஷால்வாடி கிராமத்தின் மீது மலையே சரிந்தது. அதனால் அருவி, கோட்டைகளுக்கு மாவட்டக் கலெக்டர்கள் தடை போடுவார்கள். போலீஸ் திருப்பி அனுப்பினால் வாதாடாமல் திரும்புங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு அக்டோபர் நல்ல மாதம் என்பேன். பச்சை அப்படியே இருக்கும், பாறை வழுக்காது, பாதி அருவிகள் இன்னும் வற்றியிருக்காது.

சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் போன் பே வேலை செய்யாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கொங்கண் கடற்கரையில் அறை போடும்போதே சொல்லிவிட வேண்டும். சொன்னால் சோல்கடியோடு தனியாகச் செய்துதருவார்கள், சொல்லாவிட்டால் தட்டில் மீன் வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கடைசி பஸ் போய்விட்டதென்றால், இருட்டும் முன் ஒரு ஜீப்பை முழுதாகப் பேசுங்கள், அல்லது தங்கிவிடுங்கள். உள்ளடங்கிய கிராமங்கள் பலவற்றுக்கு முக்காமி காடி வரும். சாயங்காலம் வந்து ராத்திரி அங்கேயே நின்று, விடியற்காலையில் திரும்பும் எஸ்.டி. அது. டிரைவரும் கண்டக்டரும் ஊரிலேயே படுத்துக்கொள்வார்கள். பால்காரர்களும் டவுனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளும் நம்பியிருக்கும் வண்டி என்பதால் கூடியவரை நேரம் தவறாது. அதைப் பிடித்துக் கோட்டியிலோ கர்ஜத்திலோ மாறினால் பெரும்பாலும் மத்தியானத்துக்குள் குர்லா வந்துவிடலாம். எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த இடத்தில் நிற்கும் என்று கண்டக்டர் தூங்கப் போகும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.